உருவ மயக்கம்: அழகாசை அன்று, நோய்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மருத்துவச் செய்தி ஒன்றைப் பேச வருகிறேன், நண்பர்கள் பொறுத்தருள்க. பேச வந்த பொருள் மருத்துவமே ஆயினும், அதன் சிக்கலில் பாதி ஒரு சொல்லில் இருக்கிறது. ஆகவே தமிழாசிரியன் ஒருவன் இதில் தலையிடுவது முற்றிலும் பொருந்தாச் செயல் ஆகாது என்று கருதுகிறேன்.

சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளில் பணியாற்றுவோர் அனைவரும் அடிக்கடி கேட்கும் தொடர் ஒன்று உண்டு. “பையனுக்குத் தாழ்வு மனப்பான்மைங்க.” கடைசி வரிசையில் முகத்தைக் கையால் மறைத்து அமர்பவன், துறையின் குழுப் படம் எடுக்கும் நாளில் மட்டும் விடுப்பு எடுப்பவள், கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் சென்றபின்னும் முகக்கவசத்தைக் கழற்றாதவர் என எல்லாரையும் இந்த ஒற்றைத் தொடருக்குள் அடைத்துவிடுகிறோம். அதற்கான மருந்தும் நம் கைவசம் ஆயத்தமாக இருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, கலையரங்கில் இரண்டு மணி நேரம் கைதட்டச் செய்து அனுப்பிவைக்கிறோம். பெரும்பாலான மாணவர்க்கு அதனால் தீங்கில்லை. சிலருக்கு நன்மையும் உண்டு. ஆனால் அவ்வரங்கில் அமர்ந்திருக்கும் ஓரிருவர்க்கு இருப்பது தாழ்வு மனப்பான்மை அன்று. பெயரும் இலக்கணமும் சிகிச்சையும் உடைய ஒரு நோய். அதை ஆங்கில மருத்துவம் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்கிறது. தம் உடலில் ஏதோ ஓர் உறுப்பு கோணலாக, அருவருப்பாக, பிறர் நகைக்கும்படி இருப்பதாக ஒருவர் உறுதியாக நம்புவதும், மற்றவர் கண்ணுக்கு அக்குறை புலப்படாமலோ மிகச் சிறிதாகவோ இருப்பதும், அந்நினைவே நாளின் பல மணி நேரத்தை விழுங்கிவிடுவதும் இந்நோயின் அடையாளங்கள்.

இது கைப்பேசி கொண்டுவந்த புதுநோய் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891-இலேயே இதற்கு ‘டிஸ்மார்ஃபோஃபோபியா’ என்று பெயரிட்டு விவரித்தார். உளப்பகுப்பாய்வு வரலாற்றில் ‘ஓநாய் மனிதர்’ என்று அறியப்படும் செர்கேய் பங்கெயெவ் என்னும் ரஷ்யப் பிரபுவை நண்பர்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும். ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்ற அவர், 1926-இல் ஃபிராய்டின் மாணவியான ரூத் மாக் பிரன்ஸ்விக்கிடம் வேறொரு துயரத்தோடு வந்தார். தோல் மருத்துவர் ஒருவர் செய்த சிகிச்சையால் தம் மூக்கில் அழியாத வடு விழுந்துவிட்டது என்பதே அத்துயரம். சட்டைப்பையில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, நொடிக்கொருமுறை எடுத்துப் பார்த்து, பவுடர் பூசி, மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பற்றிப் பிரன்ஸ்விக் 1928-இல் எழுதினார். செல்ஃபி இல்லாத காலத்துச் செல்ஃபி அது. கருவிதான் மாறியிருக்கிறது.

அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேட்டில் 1980-இல் இந்நோய் ஒரு குறிப்பாக நுழைந்தது. 1987-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இதை எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி., இருக்கும் குடும்பத்தில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அவ்வாறே வகுத்துள்ளது. இந்த இடமாற்றம் வெறும் நூலகப் பணி அன்று. கை கழுவியவர் மீண்டும் மீண்டும் கழுவுவதற்கும், கண்ணாடி பார்த்தவர் மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கும் அடியில் ஓடுவது ஒரே வகைச் சுழற்சி என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. இதை அழகாசையாகவும் தற்பெருமையாகவும் பார்த்த கண்கள் திருந்தவேண்டிய இடமும் அதுவே.

மேலைநாடுகளில் நடந்த கணக்கெடுப்புகள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்க்கு இந்நோய் இருப்பதாகக் கூறுகின்றன. அதே அளவை இங்கும் கொண்டால், அறுபது பேர் அமரும் என் வகுப்பில் ஒருவர் இருக்கிறார். ஆண், பெண் வேறுபாடும் பெரிதாக இல்லை. பெரும்பாலோர்க்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், இராசிபுரம் பகுதியினர் இச்செய்தியைச் சற்று நின்று நோக்கவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளையை விடுதியில் சேர்க்கிறோம். அங்கே மதிப்பெண்ணைக் கண்காணிக்க ஏற்பாடு உண்டு. குளியலறைக் கண்ணாடி முன் ஒரு பிள்ளை முக்கால் மணி நேரம் நிற்பதைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை. கண்டாலும் “சினிமாவுக்கா போகிறாய்?” என்ற கேலியோடு முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின் என்னிடம் வந்து, “ஐயா, என்ற மூக்கு கோணலாத் தெரியுதுங்களா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மறுநாளும் கேட்டார். அடுத்த வாரம் கைப்பேசியில் பக்கவாட்டில் எடுத்த படங்களைக் காட்டிக் கேட்டார். நாற்பது படங்களுக்குக் குறையாது. யாப்பிலக்கணத்தில் அவ்வளவு கூர்மையான மாணவரை நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பருவத்தேர்வுக்கு அவர் வரவில்லை. தேர்வறையில் பக்கத்து இருக்கைக்காரர் தம் மூக்கைப் பார்ப்பாரே என்பது காரணம். பின்னர் மனநல மருத்துவர் ஒருவரிடம் சென்று, ஏறத்தாழ ஓராண்டுச் சிகிச்சைக்குப்பின் படிப்பை முடித்தார். இப்போது ஆசிரியராக இருக்கிறார். அவர் இசைவோடுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை எவ்வளவு முறை சொல்லப்பட்டும் ஏன் போதவில்லை? இதைப் புரிந்துகொள்ளச் சங்க இலக்கியத்தின் பசலையை நினைத்துப் பார்க்கலாம். தலைவனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலையை அவளும் காண்கிறாள், தோழியும் காண்கிறாள், செவிலியும் காண்கிறாள், ஊரும் கண்டு அலர் தூற்றுகிறது. உள்ளத்து நோய் உடலில் எழுதப்பட, அந்த எழுத்தை எல்லாரும் படிக்கிறார்கள். இந்நோயிலோ நிலைமை தலைகீழ். எழுத்து ஒருவர்க்கு மட்டுமே தெரிகிறது. தாய் காணவில்லை, தோழன் காணவில்லை. அவர்கள் காணவில்லை என்பதையும் நோயுற்றவர் நம்புவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று தாயின் சொல்லைத் தள்ளுகிறார். இரக்கத்தால் சொல்கிறார் என்று ஆசிரியரின் சொல்லைத் தள்ளுகிறார். பேருந்தில் முன்னிருக்கையில் எவரோ சிரித்தால் மட்டும் அது தம் மூக்கைக் குறித்தது என்று உறுதியாக ஏற்றுக்கொள்கிறார்.

பார்க்கும் முறையிலேயே ஒரு வேறுபாடு இருப்பதற்கும் சான்றுகள் உள்ளன. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேமி ஃபாயிஸ்னர் குழுவினர் மூளைப் படங்களைக்கொண்டு செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுடையோர் முகங்களை முழுமையாகக் காண்பதைவிட நுணுக்கங்களாகப் பிரித்துக் காணும் போக்குடையவர் என்று உணர்த்தியது. செய்யுளின் பொருளை விட்டு ஓர் அசையையே உற்று நோக்கிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. எந்த அசையையும் நெடுநேரம் உற்று நோக்கினால் பிழைபோலத் தோன்றத்தான் செய்யும். ஆகவே “நீ அழகாகத்தான் இருக்கிறாய்” என்னும் ஆறுதல், கேட்ட அரைமணி நேரத்தில் ஆவியாகிவிடுகிறது. மறுபடி கேட்கவேண்டும் என்ற வேட்கையை மட்டும் விட்டுச்செல்கிறது. கண்ணாடி பார்ப்பதும் ஆறுதல் கேட்பதும் ஒரே சுழற்சியின் இரு வடிவங்கள்.

இங்கேதான் சொற்சிக்கலுக்கு வருகிறேன். இந்நோயைத் தமிழில் எழுதுவோர் ‘உடல் சிதைவு நோய்’ போன்ற தொடர்களைக் கையாளுகின்றனர். ஆங்கிலச் சொல்லுக்கு அது நேர்தான். ஆனால் அத்தொடரைக் கேட்கும் பெற்றோர் என்ன எண்ணுவர்? உடல் சிதைந்திருக்கிறது என்றே எண்ணுவர். நோயுற்றவர் எதை நம்பித் துன்புறுகிறாரோ அதையே நோயின் பெயரும் உறுதிப்படுத்திவிடுகிறது. உண்மையில் இங்கே சிதைந்தது உரு அன்று; உருவைப் பற்றிய காட்சி. அகத்திணை மரபில் ‘மயக்கம்’ என்ற சொல் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து கலப்பதைக் குறிக்கிறது. உலக வழக்கிலும் அச்சொல்லுக்கு இழிவு இல்லை. மயக்கம் வந்தவரை எவரும் பழிப்பதில்லை, தாங்கிப் பிடிக்கின்றனர். ஆகவே ‘உருவ மயக்கம்’ அல்லது ‘உருவ மயக்க நோய்’ என்று வழங்கலாம் என்பது என் துணிபு. இதனினும் சிறந்த சொல் எவர்க்கேனும் தோன்றுமாயின் மகிழ்ந்து ஏற்பேன். தாழ்வு மனப்பான்மை என்ற பொதுப்பெயரில் மட்டும் இதை இனியும் புதைக்கலாகாது.

பெயர் தவறானால் வழியும் தவறும். உருவில்தான் குறை என்று நம்புபவர் உருவைத் திருத்துவோரிடமே செல்வார். முடி நடுதல், நிறம் கூட்டுதல், மூக்குத் திருத்துதல் என விளம்பரங்கள் சிறுநகரங்கள் வரை வந்துவிட்டன. அதற்கு வசதியில்லாதவர் மருந்துக்கடையில் களிம்பு வாங்குகிறார். முகத்தை வெளுக்கச் செய்யும் என்று நம்பி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை நாள்தோறும் பூசித் தோலைக் கெடுத்துக்கொண்டவர் இந்நாட்டில் ஏராளம். 2018-இல் மைய அரசு அத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தமைக்கு அதுவே காரணம். உருவ மயக்கம் உடையவர்க்கு அழகுச் சிகிச்சையால் பெரும்பாலும் நிறைவு கிட்டுவதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு. மூக்கு திருந்தினாலும் திருந்தியது போதவில்லை என்று தோன்றும். அல்லது கவலை மூக்கிலிருந்து தாடைக்கு இடம்பெயரும். நல்ல தோல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் இதை அறிந்து, இத்தகையோரை மனநல மருத்துவரிடம் அனுப்புகின்றனர். அவ்வாறு அனுப்பப்படுவதை அவமதிப்பாகக் கொள்ளாதிருக்கக் குடும்பம் பழகவேண்டும்.

இளைஞர்களுக்கு இதில் தனிவடிவம் ஒன்று உண்டு. நாமக்கல்லில் ‘பாடி கட்டுதல்’ என்றால் லாரிக்குக் கட்டுவது. தமிழகத்துக்கு அப்பாலிருந்தும் அதற்காக வண்டிகள் வருகின்றன. இப்போது அதே தொடரை உடற்பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளும் சொல்கின்றனர். உடற்பயிற்சி நன்று. ஆனால் திரண்ட தோளும் மார்பும் உடைய ஒருவர் தம்மை நோஞ்சான் என்று உறுதியாக நம்பி, படிப்பையும் உறவையும் விட்டு, ஊசி மருந்து வரை செல்வாராயின் அதுவும் உருவ மயக்கமே. ஹாரிசன் போப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதை 1990-களில் விவரித்தனர். லாரியின் பாடி ஒருநாள் கட்டி முடியும். இவர்களுடையது முடிவதேயில்லை.

இனிச் சிகிச்சை. இரண்டு வழிகள் தேர்ந்து நிலைபெற்றுள்ளன. முதலாவது, சி.பி.டி. எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. இது அறிவுரை அன்று, பயிற்சி. வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடைபெறும். எந்த நினைவு எப்போது எழுகிறது, எழுந்தால் என்ன செய்கிறோம் என்பதை நோயுற்றவரே குறித்துவரச் செய்வர். கண்ணாடி பார்ப்பதையும் ஆறுதல் கேட்பதையும் படிப்படியாகக் குறைப்பர். அஞ்சி ஒதுக்கிய இடங்களுக்கு, முதலில் தேநீர்க்கடை, பிறகு பேருந்து, பிறகு திருமண வீடு என்று, மறைப்பின்றிச் சென்றுவரச் செய்வர். எல்லாரும் சிரிப்பார்கள் என்ற கணிப்பு மெய்யானதா என்று அங்கேயே சோதிக்கச் சொல்வர்.

அப்பயிற்சிகளுள் ஒன்று தமிழ் படித்தவர்க்கு வியப்பளிக்கும். கண்ணாடிக்கு மிக அருகில் செல்லாமல் இயல்பான தொலைவில் நின்று, தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக, மதிப்பீடு இல்லாத சொற்களால் விவரிக்கச் செய்கின்றனர். நம் சிற்றிலக்கியத்தில் கேசாதிபாதம் என்று ஒரு வகையே உண்டு. மருத்துவர் கேட்பது உவமை இல்லாத கேசாதிபாதம். கரிய முடி, அகன்ற நெற்றி, நடுவே மூக்கு, கீழே உதடு. நன்று என்றோ தீது என்றோ ஒரு சொல்லும் கூடாது. எளிதாகத் தோன்றும். முயன்று பாருங்கள்; நம் மொழிப்பழக்கமே எவ்வளவு மதிப்பீடுகளால் ஆனது என்பது விளங்கும்.

இரண்டாவது வழி மருந்து. ஃப்ளுவாக்செடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற, செரடோனின் சார்ந்த மருந்துகள் பயன்படுகின்றன. ஃப்ளுவாக்செடினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு இந்நோய்க்கு நடத்திய ஆய்வை கேத்தரின் ஃபிலிப்ஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்டனர். மருந்து உண்டவர்க்கே நலம் மிகுந்தது. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம். பயன் தெரியப் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். பிரித்தானியாவின் ‘நைஸ்’ நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தால் நலம் பெற்றவர் அதன்பின்னும் ஓராண்டேனும் அதைத் தொடரவேண்டும் என்கிறது. நம்மூரில் இரண்டு வாரத்தில் “கேட்கவில்லை” என்று நிறுத்துவோரும், இரண்டு மாதத்தில் “சரியாகிவிட்டது” என்று நிறுத்துவோரும் இதைக் கருதவேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர் தீர்மானிக்கவேண்டியவை. குறிப்பாக இளையோர்க்குத் தொடக்க வாரங்களில் நெருங்கிய கண்காணிப்பு வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் எனில், இந்நோயுடையோரிடம் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் மிக அதிகம் காணப்படுகிறது. மூக்கைப் பற்றிய கவலைதானே என்று நாம் சிரிக்கும் இடத்தில் ஒரு பிள்ளை உயிரின் விளிம்பில் நிற்கக்கூடும். அத்தகைய பேச்சு எழுந்தால் பொறுத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். சி.பி.டி. பயிற்சி பெற்ற உளவியலாளர் மாவட்டங்களில் குறைவு என்பது உண்மைதான். கல்லூரிகள் தன்னம்பிக்கை விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைத் தகுதிபெற்ற உளவியலாளர் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து அமர்வதற்கு ஒதுக்கலாகாதா என்பதே நான் நிருவாகங்களிடம் கேட்கும் கேள்வி.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. சமூகத்தின் நிறவெறிக்கும் அழகு வணிகத்துக்கும் பலியானவர்களை நோயாளிகள் என்று முத்திரை குத்துகிறீர்களே என்பர். அதில் நியாயம் இருக்கிறது. 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு முகக்களிம்பு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்க 2020 வரை ஆயிற்று. சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் 2009-இல் எழவேண்டியிருந்தது. மணமகள் தேவை விளம்பரங்கள் இன்னும் நிறம் கேட்கின்றன. கவுண்டமணி செந்திலின் உருவத்தை ஏசியதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. நகைச்சுவை பிறக்கும் களங்களுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். நாம் எள்ளலோடு நின்றுவிட்டோம். இவையெல்லாம் மாறவேண்டும். ஆயினும் இவை மாறும்வரை நோயுற்றவர் காத்திருக்க இயலாது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதும் வேண்டும். விழுந்தவரைத் தூக்குவதும் வேண்டும்.

வயதுப் பிள்ளைகளின் இயல்பான கவலையையெல்லாம் நோயாக்கிவிடுவோமோ என்பது மற்றோர் ஐயம். பருவைக் கண்டு வருந்தாத பதினாறு வயது ஏது? அது நோய் அன்று. அக்கவலை நாள்தோறும் மணிக்கணக்கில் நீள்கிறதா, படிப்பையும் நட்பையும் முடக்குகிறதா, மறைத்தலும் சரிபார்த்தலும் நிறுத்தமுடியாதபடி தொடர்கின்றனவா என்று பார்த்தால் எல்லை புலப்படும். புலப்படாதபோது தீர்ப்புச் சொல்வது மருத்துவர் பணி, நம்முடையது அனுப்பிவைப்பது.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யத்தக்கது பெரிதன்று. கேலி செய்யாதிருத்தல், அழகை வைத்து வாதிடாதிருத்தல். “உன் மூக்கு நன்றாக இருக்கிறது” என்பதற்கு மாறாக, “இந்த நினைவு உன்னை மிகவும் வாட்டுகிறது என்பது எனக்குப் புரிகிறது, இதற்குச் சிகிச்சை உண்டு, நானும் உடன் வருகிறேன்” என்று சொல்லலாம். மூக்கு கோணலா இல்லையா என்ற வழக்கில் நாம் வெல்லமுடியாது. அவ்வழக்கை விட்டுவிட்டு, வாட்டம் மெய் என்பதை ஒப்புக்கொண்டால், உடன் நடந்து மருத்துவமனை வாசல் வரையேனும் செல்லமுடியும்.